அக்கா அனுப்பிய இரண்டு சீட்டுகள்

ஜனவரி 9

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் தேவ கிருபையால் சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். ‘சுகமாக இருக்கிறோம்’ என்று கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது. அடிக்க மனமில்லை. ஆனால் விஷயம் வேறு.

போன மாதம் சீருடைக் காலரில் மேல் பட்டன் போட முடியவில்லை. சலவையில் சுருக்கிவிட்டார் என்று உன் அத்தானைத் திட்டித் தீர்த்தேன். சட்டை சுருங்கவில்லை, என் கழுத்து வீங்கியிருக்கிறது. தைராய்டில் ஒரு கட்டி. ஊசியால் எடுத்துப் பார்த்தார்கள். நல்லதா கெட்டதா என்று அதில் உறுதியாகத் தெரியவில்லையாம். அறுவை செய்து, கட்டி இருக்கிற பாதித் தைராய்டை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டரம்மா. எடுக்கும்போது குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே இருக்கிறதாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார். அந்தப் ‘பெரும்பாலும்’ எனக்குப் பிடிக்கவில்லை.

இருபத்திரண்டு வருடமாக ரயில் நிலையத்தில் அறிவிப்பு அறையில் உட்கார்ந்து பேசியே சாப்பிடுகிறவள் நான். சபையில் பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். குரல் போனால் நான் யார் என்று எனக்கே சொல்லத் தெரியாது. அறுவை செய்யாமல் விட்டால், உள்ளே இருப்பது கெட்டதாக இருந்தால், உயிர் போகும். ஒன்றும் புரியாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அதனால் அம்மா வழியில் போகலாம் என்று முடிவு செய்தேன். வீடு மாறுவதிலிருந்து என் கல்யாணம் வரை அம்மா எப்படித் தீர்மானித்தாள்? இரண்டு சீட்டு எழுதுவாள். ஒன்றில் ‘செய்’, மற்றதில் ‘வேண்டாம்’. உனக்குத் தெரியாததா. யாருடைய காரியமோ அவர் எடுக்கக் கூடாது, வேறொருவர் உபவாசம் இருந்து ஜெபித்து எடுக்க வேண்டும், எடுக்காத சீட்டைப் பிரிக்காமல் எரித்துவிட வேண்டும். உன் அத்தான் எடுக்க முடியாது, அவர் ஏற்கெனவே டாக்டர் கட்சி. ஆகவே நீ. இத்துடன் இருக்கிற சின்ன உறைக்குள் இரண்டு சீட்டும் மடித்து, பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டைக்குப் போய்விடுவோம். கடிதமே எழுது. உன் மனைவி, நம் சின்னவள், இறந்துபோன பின் இந்த மூன்று வருடமும் நீ தனியாக என்ன சாப்பிடுகிறாய், எப்போது தூங்குகிறாய் என்று ஒன்றும் சொல்வதில்லை. அதையும் எழுது.

உன் அக்கா

ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. தாமதத்துக்கு வேலைதான் காரணம். ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிப்டின் கம்பி வடம் முழுக்க மாற்றுகிறோம். நாள் முழுக்க மொட்டைமாடி மோட்டார் அறையில் இருக்கிறேன். படியேறி வருகிற ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து ‘எப்போ ஓடும்’ என்று கேட்கிறார்கள். அவர்கள் கால் வலிக்கு நானே பொறுப்பு என்பது போல ஒரு பார்வை.

அக்கா, டாக்டர் சொன்னால் செய்துகொள்ள வேண்டியதுதானே? இதற்கு எதற்குச் சீட்டு? வடம் நைந்திருக்கிறது என்று நான் சொல்லும்போது கட்டடக்காரர் சீட்டுப் போட்டுப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும்? கோபப்படாதே. உறை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. வேலை நாளில் உபவாசம் இருந்தால் தலை சுற்றும், உயரத்தில் நிற்கிற வேலை. ஒரு ஓய்வு நாள் பார்த்துச் செய்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 2

பிரியமான தம்பிக்கு,

சமாதானம் உண்டாவதாக. உனக்கு மட்டும். எனக்கு அது இல்லை.

சீட்டு கேட்டேன், புத்திமதி அனுப்பியிருக்கிறாய். புத்திமதி இங்கே வீட்டுக்கு வீடு கிடைக்கிறது. சபையில் ஒருவர் கத்தியே படக் கூடாது, விசுவாசம் போதும் என்கிறார். இன்னொருவர், டாக்டரைக் கொடுத்ததும் கர்த்தர்தானே என்கிறார். இருவரும் ஒரே வேதத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். போதகர் என் தலையில் கை வைத்து, தேவ சித்தம் ஆகட்டும் என்று ஜெபித்தார். அது எது என்பதுதானே என் கேள்வி.

நேற்று ஆறேகால் வண்டியை இரண்டாம் பிளாட்பாரத்துக்கு வருவதாக அறிவித்துவிட்டேன். வந்தது நான்கில். பெட்டியும் பையுமாக ஒரு கூட்டம் மேம்பாலத்தில் ஏறி இறங்கியது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்து என்னவோ சொன்னார். நல்லதாக இருக்காது.

மார்ச் மூன்றாம் தேதி டாக்டரம்மா இடம் வைத்திருக்கிறார். இந்த மாதம் இருபத்தெட்டுக்குள் ‘சரி’ சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். நீ எடுத்து எழுதினால்தான் எனக்கு ஒரு பக்கம் திரும்ப முடியும். தயவு செய்.

அக்கா

பிப்ரவரி 10

அன்புள்ள அக்கா,

நலம். நேற்று ஓய்வு நாள். உபவாசம் இருந்தேன், ஜெபித்தேன், எடுத்தேன்.

‘செய்’ என்று வந்தது.

மற்றதை அம்மா சொல்படி பிரிக்காமல் எரித்துவிட்டேன். இனி யோசிக்காதே. டாக்டரிடம் சரி சொல்.

தம்பி

பிப்ரவரி 15

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எப்படி இருக்கிறாய்?

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. சரியாகப் பார்த்தாயா? கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாயா? உறை ஒட்டியபடியே இருந்ததா, தபாலில் பிரிந்திருந்ததா? உள்ளே வேறு ஏதாவது தாள் இருந்ததா? ‘செய்’ என்பது என் கையெழுத்திலா? எந்த மையில்?

அந்தச் சீட்டை எனக்கு அனுப்பு. பார்க்க வேண்டும். காரணம் கேட்காதே, என்னால் சொல்ல முடியாது. மூன்று நாளாக அறிவிப்பு அறையில் தாளைப் பார்த்தால் எழுத்துகள் நகருகிற மாதிரி இருக்கிறது. உன் அத்தான் உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். நீ கேட்டதற்கெல்லாம் பதில்: கண்ணாடி போட்டிருந்தேன். உறை ஒட்டியபடிதான் இருந்தது. உன் கையெழுத்துதான். நீல மை என்று நினைக்கிறேன். சீட்டை அனுப்ப முடியாது, கைதவறி அதையும் சேர்த்து எரித்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

அம்மா எடுத்ததை நீ இப்படி ஒருநாளும் குறுக்கு விசாரணை செய்ததில்லை. அத்தானைக் கல்யாணம் செய்யச் சொல்லி வந்தபோதுகூட ‘சரி’ என்று தலையாட்டினாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது மட்டும் என்ன? நாள் குறைவாக இருக்கிறது. சரி சொல். இந்த ஒன்றில் என் பேச்சைக் கேள் அக்கா.

தம்பி

பிப்ரவரி 27

பிரியமான தம்பிக்கு,

இன்று காலை டாக்டரம்மாவிடம் சரி சொல்லிவிட்டேன். தைரியம் வந்து சொல்லவில்லை. வரவே முடியாத ஒரு பதில் வந்திருக்கிறது, அதை மீறிப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான். எப்படி வந்தது என்று யோசிக்க ஆரம்பித்தால் தலை கிறுகிறுக்கிறது, அதனால் யோசிப்பதை விட்டுப் பாத்திரம் தேய்க்கிறேன். வீட்டில் கழுவாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை.

இன்று முதல் வேலைக்கு விடுப்பு. நேற்று கடைசியாக ஐந்து நாற்பது வண்டியை அறிவித்தேன். வழக்கமாக ஒருமுறை சொல்வதை மூன்று முறை சொன்னேன். பக்கத்து அறை அதிகாரி எட்டிப் பார்த்தார்.

பயமாக இருக்கிறது தம்பி. கர்த்தர் கூட இருக்கிறார் என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். உன்னோடும் அவர் இருப்பாராக.

உன் அக்கா

மார்ச் 9

அன்பு மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. பள்ளி வேன் ஓட்டுகிறவனுக்குப் பேனா பிடித்துப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நீங்கள் நலமா?

மூன்றாம் தேதி அறுவை முடிந்தது. நேற்று பரிசோதனை முடிவு வந்தது. கட்டி கெட்டதுதானாம். வெளியே பரவவில்லை. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் வேறு கதை என்று டாக்டரம்மா சொன்னார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குரல் வரவில்லை. காற்று மட்டும் வருகிறது. ஒரு பக்கத்து நரம்பு அடிபட்டிருக்கிறது, கொஞ்சம் தேறலாம், பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாதாம். உங்கள் அக்கா எழுதிக் காட்டித்தான் பேசுகிறாள். எழுத்திலும் என்னைத் திட்டுகிறாள், அதில் ஒரு குறையும் இல்லை.

நீங்கள் எடுத்த சீட்டால்தான் அவள் இன்று இருக்கிறாள். சபையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும்.

அன்புடன் அத்தான்

ஏப்ரல் 2

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அக்காவே எழுதுகிறேன். உடம்பு தேறுகிறது. குரல் கொஞ்சம் வந்திருக்கிறது, கதவு இடுக்கில் காற்று புகுந்த மாதிரி ஒரு சத்தம். அத்தான் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஒரு மாதமாகப் போகிறது.

இங்கே எனக்கு ஒரு நெருக்கடி. போதகர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார். தூரத்தில் இருக்கிற தம்பி உபவாசித்துச் சீட்டெடுத்தான், கர்த்தர் வழிகாட்டினார், உயிர் பிழைத்தேன் என்று நான் சபையில் நிற்க வேண்டும். போன ஞாயிறு தொண்டை சரியில்லை என்று தப்பித்தேன். எத்தனை ஞாயிறு தப்பிக்க முடியும்?

தம்பி, நான் இரண்டு சீட்டிலும் ‘வேண்டாம்’ என்றுதான் எழுதினேன்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். முதல் சீட்டில் ‘வேண்டாம்’ எழுதி மடித்தேன். இரண்டாவதில் ‘செய்’ எழுதப் பேனாவை வைத்தேன், கை வரவில்லை. குரல் போய்விடுமே என்ற பயம். இதிலும் ‘வேண்டாம்’ என்றே எழுதி, ஒட்டி, உனக்கு அனுப்பினேன். கர்த்தர் வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளலாம், எனக்கு நானேகூடச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உனக்கு எழுதிய கடிதத்தில் பொய்யான வரி ஒன்றும் கிடையாது, திரும்ப வாசித்துப் பார். அவ்வளவு ஜாக்கிரதையாகப் பொய் சொல்லியிருக்கிறேன்.

பிறகு உன்னிடமிருந்து ‘செய்’ வந்தது.

கர்த்தர் ஒட்டிய உறைக்குள் என் எழுத்தை மாற்றினார், அல்லது நீ பொய் சொன்னாய். எது? மாற்றினார் என்று நீ சொன்னால் இருக்கிற குரலை வைத்து எழுந்து நின்று சொல்கிறேன். நீ பொய் சொன்னாய் என்றால் எதற்குச் சொன்னாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

டாக்டரம்மா இன்னும் ஒன்று சொல்லியிருக்கிறார். கெட்டது என்று தெரிந்ததால் மிச்சப் பாதியையும் எடுத்துவிட்டால் நல்லதாம். மே கடைசியில். அந்தப் பக்கத்து நரம்பும் அடிபட்டால் இந்தக் காற்றுச் சத்தமும் இருக்காது, மூச்சு விடுவதே சிரமமாகலாம். மறுபடி அதே இடத்தில் நிற்கிறேன். உன் பதில் தெரியாமல் எனக்குக் காலெடுத்து வைக்கத் தெரியவில்லை.

அக்கா

ஏப்ரல் 20

தம்பி, சுகமா? என் கடிதம் கிடைத்ததா? இன்னும் மூன்று ஞாயிறுதான் போதகர் பொறுப்பாராம்.

அக்கா

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

எப்போதும் எழுதுகிற முதல் வரியை இந்தத் தடவை எழுதவில்லை. கவனித்திருப்பாய். கிருபையால் நலம் என்பதை மூன்று வருடமாக உறையில் விலாசம் எழுதுவது போலத்தான் எழுதி வந்தேன்.

நான் உறையைப் பிரிக்கவே இல்லை. உபவாசமும் இருக்கவில்லை. அன்று காலை நன்றாகச் சாப்பிட்டேன்.

சின்னவள் படுத்திருந்தபோது எத்தனை பேர் ஜெபித்தார்கள் என்று உனக்குத் தெரியும். பிழைப்பாள் என்று வாக்குக் கிடைத்ததாக வந்து சொன்னவர்களே நாலு பேர். நான் நம்பினேன். அவள் போனபிறகு ஒருநாளும் நான் ஜெபம் பண்ணவில்லை. ஆலயத்துக்கும் போகவில்லை. உன்னிடம் சொல்லவில்லை, நீ கவலைப்படுவாய், அதைவிட, எனக்காக இன்னும் அதிகமாக ஜெபிப்பாய். அது எனக்குத் தாங்காது.

அன்று உறையைக் கையில் எடுத்தேன். பிரித்து ‘வேண்டாம்’ என்று வந்தால் அதை உனக்கு எழுத வேண்டும். எழுதினால் நீ செத்துப்போவாய். அதனால் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, ‘செய்’ வந்தது என்று எழுதினேன். அது வழிகாட்டுதல் இல்லை அக்கா, பயம். நீல மை என்றதும் குருட்டாம்போக்கில் சொன்னதுதான். உன் குரல் போனதற்கும் நான்தான் காரணம். அத்தான் கடிதம் வந்தபோது அந்த வரியில்தான் நின்றுவிட்டேன், பதில் எழுத முடியவில்லை.

இந்த மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு உறையைத் தேடியெடுத்து, வேலைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன். வேண்டாம், வேண்டாம். இரண்டும் கறுப்பு மை. மோட்டார் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பாக இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உறையை அலமாரியில் வைக்கும்போது வாய்விட்டுச் சொன்னேன்: “அவளையும் எடுத்துக்கிட்டா நான் உங்ககிட்ட இனிமே பேசவே மாட்டேன்.” ஏற்கெனவே மூன்று வருடமாகப் பேசாதவன் சொன்னது இது. யாரிடம் சொன்னேன் என்று அப்புறம்தான் எனக்கே உறைத்தது.

சாட்சி சொல்லாதே. சொல்ல ஒன்றுமில்லை.

தம்பி

மே 6

என் தம்பிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒலிவாங்கியை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இரண்டு சீட்டிலும் நான் எழுதியது, நீ பிரிக்காமலே எழுதியது, எல்லாம். உன்னைக் கேட்காமல் சொன்னேன், அதற்கு மன்னிப்பு. உன் அத்தான் தலையைக் குனிந்தவர் நிமிரவே இல்லை. இவ்வளவு நாள் அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாரே.

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு கேட்டார், “அப்போ இதுல கர்த்தர் எங்கேம்மா இருந்தார்?”

“தெரியல பாஸ்டர்” என்றேன்.

உண்மையாகவே தெரியவில்லை தம்பி. நான் இரண்டு பக்கமும் அடைத்தேன், நீ உறையைத் தொடவே இல்லை. என் பொய்யைச் சரிசெய்ய அவர் உன் பொய்யை எடுத்தார் என்று சொன்னால் அவரை நம் திருட்டுத்தனத்தில் கூட்டுச் சேர்ப்பது மாதிரி இருக்கிறது. அவருக்கு இதில் வேலையே இல்லை என்று சொன்னால் நான் இன்று உட்கார்ந்து எழுதுவது தற்செயல் என்றாகிறது. அது என் வாயில் வரமாட்டேன் என்கிறது. இரண்டையும் சொல்லாமல் உட்கார்ந்தேன். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. வெளியே வரும்போது ஒரு அம்மாள் மட்டும் என் கையைப் பிடித்து, லிப்ட்காரத் தம்பிக்குச் சீட்டு அனுப்பினால் எப்போதும் ‘செய்’ என்றுதான் எழுதுவாரா என்று விசாரித்தார். வீடு விற்க யோசிக்கிறாராம்.

குரல் போனதற்கு நீ காரணம் என்று இனி எழுதாதே. போனது எனக்கு வலிக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். நிலையத்தில் என் இடத்தில் வேறு ஒரு பெண் பேசுகிறாள், நன்றாகவே பேசுகிறாள், கேட்டுவிட்டு வந்து அழுதேன். ஆனால் அழுவதற்கு நான் இருக்கிறேன்.

மூன்று வருடம் உனக்குள் என்ன நடந்தது என்று தெரியாமல் நலமா நலமா என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

மே இருபத்தாறு இரண்டாவது அறுவை. சரி சொல்லிவிட்டேன். இந்தத் தடவை சீட்டு எழுதவில்லை. என்ன ஆகும் என்று தெரியாது, அவர் கையில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், பாதி நேரம் நம்புகிறேன்.

நீ வர வேண்டும். முந்தின நாளே வா. உள்ளே கொண்டுபோவதற்கு முன் யாராவது என் பக்கத்தில் நின்று சத்தமாக ஜெபம் பண்ண வேண்டும், என்னால் சத்தம் எழுப்ப முடியாது. போதகர் வருகிறேன் என்றார், நான் வேண்டாமென்றுவிட்டேன். உனக்கு நல்ல வார்த்தை ஒன்றும் வராது, தெரியும். அன்று அலமாரிப் பக்கத்தில் நின்று பேசினாயே, அந்த மாதிரியே பேசு. கோபமாக இருந்தால் கோபமாகவே பேசு. முடிவில் ஆமென் சொல்லுகிற அளவுக்கு எனக்குக் குரல் இருக்கிறது.

உன் அக்கா